ரெண்டாவது ரிங்

பிரபஞ்சத்தில் வேறு எங்காவது அறிவுள்ள உயிர் இருக்கிறதா என்று தேடப்போய், எதிர்வீட்டுப் பெண் குவைத்தில் உயிரோடுதான் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை வேதநாயகம் அடைத்துவிட்டான். இரண்டாயிரமாவது வருஷம், ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. இடம், திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் மஞ்சள் பலகை மாட்டிய அந்தோனியார் டெலிகாம். சாட்சி, வைரக்கண்ணு.

கடையில் இரண்டு போன் லைன் உண்டு. ஒன்று மனிதர்களுக்கு. மற்றது கம்ப்யூட்டருக்கு. செவ்வாய்க்கிழமை வாய்க்கால் தூர்வார வந்த இயந்திரம் சேற்றோடு சேர்த்துக் கேபிளையும் அள்ளிப் போட்டுவிட்டுப் போனதில் கம்ப்யூட்டர் லைன் செத்துப்போனது. புதன்கிழமை லைன்மேன் வந்தார். குனிந்து பார்த்தார். ஆமாம், அறுந்துதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அதனால் வேதநாயகம் மனிதர்களின் லைனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினான். அஞ்சே நிமிஷம் என்றுதான் நினைத்தான்.

கம்ப்யூட்டர் அப்படி என்ன செய்துகொண்டிருந்தது என்றால், வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம், பெரிய ஆன்டெனாவில் விழும் விண்வெளி இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி, உலகத்தில் யார் கேட்டாலும் அனுப்பிக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்கள் அந்த இரைச்சலைச் சலித்து, யாராவது வேண்டுமென்றே அனுப்பிய சத்தம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேதநாயகத்தோடு பள்ளியில் படித்த ஆல்பின், வருஷத்தை நாலு இலக்கமாக எழுதக் கம்ப்யூட்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக அமெரிக்கா போனவன், அதற்கான சிடியை அனுப்பிவைத்திருந்தான். "உன் கடையில கம்ப்யூட்டர் பாதி நாள் சும்மாத்தானே கெடக்கும்" என்று எழுதியிருந்தான். பாதி நாள் என்பது நண்பனின் பெருந்தன்மை.

ஒரு துண்டைச் சலிக்க அந்தோனியார் டெலிகாமுக்கு மூன்று நாள் ஆகும். இதுவரை தொண்ணூற்றேழு துண்டு. யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. வேதநாயகம் சோர்ந்துபோகவில்லை. பதில் வராத இடத்தில் காத்திருப்பது அவனுக்குப் பழகியிருந்தது.

ஏனென்றால் லின்சியும் இன்னும் பதில் சொல்லவில்லை.

லின்சி, கடைக்கு எதிர்வீட்டு பாத்திமா மேரியின் மகள். நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குவைத்துக்குக் கிளம்புகிறபோது, சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க இவன் கடைக்குத்தான் வந்தாள். பாஸ்போர்ட்டைக் கண்ணாடியில் குப்புறப் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பச்சை வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் முடிவதற்குள், "லின்சி, என்னைக் கட்டிக்கிறியா?" என்று வேதநாயகம் கேட்டுவிட்டான். அவள் காகிதங்களை அடுக்கினாள். கிளிப் போட்டாள். "சொல்றேன்" என்றாள். திருச்சி பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் ரிங்தான்.

அந்த வருஷங்களில் ஊரில் பாதிக் குடும்பம் ரிங்கால்தான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து போன் அடிப்பார்கள், இங்கே எடுக்கக்கூடாது. எடுத்தால் பணம், எடுக்காவிட்டால் சேதி. யார் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு அடிப்பார்கள், அதற்கு என்ன பொருள் என்று வேதநாயகம் ஒரு பட்டியல் எழுதி போனுக்கு மேலே ஒட்டியிருந்தான். சிங்கப்பூர் புகழேந்தி ஞாயிற்றுக்கிழமை மூன்று ரிங் விட்டால் பெண்டாட்டி ஓடி வரவேண்டும். சவூதி அப்துல் வஹாப் ஒரு ரிங் விட்டால் டிராப்ட் அனுப்பியாயிற்று. லின்சி வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, நைட் டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும், ஒரு ரிங் விட்டு வைப்பாள். ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு ரிங். அவ்வளவுதான். வேதநாயகம் தெருவைக் கடந்துபோய், "ரெண்டும் வந்துடுச்சு அத்தை" என்பான்.

பாத்திமா மேரியை ஊரே போஸ்ட்மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். தபாலாபீசில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வேதநாயகமும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். லின்சி விமானம் ஏறிய மறுநாளிலிருந்து அத்தை என்று மாற்றிக்கொண்டான். பாத்திமா மேரி இதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ரெண்டாவது ரிங் எதற்கு என்று அவர் ஒரு தடவை கேட்டார். ஆரம்ப வாரங்களில். வேதநாயகம் அவருக்கு விஞ்ஞானம் சொன்னான்.

"அது உறுதிப்படுத்துறதுக்கு அத்தை. ஒரு தடவை வந்தா இடியா இருக்கலாம், மின்னலா இருக்கலாம், யாரோ நம்பர் தப்பாப் போட்டிருக்கலாம். அதே எடத்துலேர்ந்து மறுபடியும் வந்தாத்தான் அங்க நெஜமா ஒரு ஆள் இருக்குன்னு அர்த்தம்."

பாத்திமா மேரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா" என்றார்.

அவன் ஒரு நோட்டுகூட வைத்திருந்தான். நூற்று மூன்று வெள்ளிக்கிழமை, நூற்று மூன்று ஜோடி ரிங், நிமிஷம் நொடியோடு. ரெண்டாவது ரிங் எப்போதும் முதல் ரிங்கைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அது செயற்கைக்கோளின் கோளாறு என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தான்.

போன மாதம் மணப்பாறையிலிருந்து கடைக்கு ஒரு பேக்ஸ் வந்தது. லின்சிக்கு மாப்பிள்ளை. கனடாவில் இருப்பவர். நாலு பக்கம். மூன்றாம் பக்கம் மங்கலாக விழுந்ததால் வேதநாயகமே மணப்பாறைக்குப் போன் போட்டு மறுபடி அனுப்பச் சொன்னான். தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டியது தொழில் என்பதால் முழுக்கப் படித்தான். ஐந்தடி பதினோரு அங்குலம். பக்தியுள்ள குடும்பம். பியானோ வாசிப்பார். கவரில் போட்டு, கவரை ஒட்டி, தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தான். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மணப்பாறைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேள்வி.

இந்த நிலைமையில்தான் அந்த வெள்ளிக்கிழமை விடிந்தது. தொண்ணூற்றெட்டாவது துண்டு பத்தேகாலுக்குச் சலித்து முடிந்தது. திரையில் எப்போதும் புல் முளைத்த வரப்பு மாதிரி ஒரு கோடு ஓடும். அன்றைக்கு அந்த வரப்பின் நடுவில் பனைமரம் ஒன்று நின்றது. அவ்வளவு உயரம் அவன் பார்த்ததே இல்லை. இப்படி நிற்பதெல்லாம் அநேகமாக நம்ம ஊர் ரேடார் சத்தம்தான் என்று ஆல்பின் எழுதியிருந்தான். அந்த 'அநேகமாக'வைத்தான் வேதநாயகம் பிடித்துக்கொண்டான். பத்தே முக்கால் வரை பொறுத்திருக்கலாம். மனித குலத்தின் சார்பில் அவனால் பொறுக்க முடியவில்லை.

பெஞ்சில் வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். மூன்று ஏக்கர்க்காரர். அவருடைய மச்சான் மேட்டூரில் வேலையாக இருந்தார். அணையில் எத்தனை அடி, எப்போது திறப்பார்கள் என்று தினமும் காலையில் மச்சானுக்குப் போன் போட வருவார். பேப்பரில் போடுவதை நம்புவதில்லை.

"என்ன தம்பி, போன் கெடைக்குமா?"

"அஞ்சு நிமிஷம்ணே. அமெரிக்காவுக்கு ஒண்ணு அனுப்பிக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"வேற கிரகத்துல ஆள் இருக்கான்னு தேடறாங்கண்ணே."

வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அங்க தண்ணி இருக்கா?"

"இருக்கலாம்ங்கிறாங்க. எங்க தண்ணி இருக்கோ அங்கதான் உயிர் இருக்குமாம்."

"அப்ப மேல இருக்காங்க, தண்ணி வச்சிருக்காங்க."

"ஆமாண்ணே."

"நாம கூப்பிட்டாப் பதில் பேச மாட்டேங்குறாங்க."

"இதுவரைக்கும் பேசல."

"இதுக்கு எதுக்கு தம்பி கம்ப்யூட்டரு" என்றார் வைரக்கண்ணு. வெளியே குடமுருட்டி ஆற்றில் மணல் மட்டும் இருந்தது.

லைன் பாதியில் அறுந்தது. வேதநாயகம் மறுபடி டயல் செய்தான். கம்ப்யூட்டர் கோழி மாதிரிக் கத்தித் தஞ்சாவூரைப் பிடித்தது. முக்கால்வாசி போனதும் மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை எல்லாம் போய்ச் சேர்ந்து, 'நன்றி' என்று அமெரிக்கா சொன்னபோது அவன் தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து ஐம்பத்திரண்டு.

வயரைப் பிடுங்கிப் போனில் சொருகினான். போனையே பார்த்தான். அது அவனைப் பார்த்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் பாத்திமா மேரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாக உள்ளே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். இன்றைக்கு வாசலுக்கே வந்திருந்தார். வேதநாயகம் தெருவைக் கடந்த அந்தப் பன்னிரண்டு அடியில் ஒரு முடிவுக்கு வந்தான். நூற்று மூன்று வாரம் நன்றாக இருந்தவள் நூற்று நாலாவது வாரம் மட்டும் ஏன் நன்றாக இல்லாமல் போகிறாள்? எதற்கு ஒரு தாய் மனசைப் புண்படுத்த வேண்டும்? இவை நல்ல காரணங்கள். உண்மையான காரணம் பயம்.

"வந்துடுச்சு அத்தை."

"எத்தனை?"

இந்தக் கேள்வியை அவர் இத்தனை நாளில் கேட்டதே இல்லை.

"ரெண்டு."

"நல்லா எண்ணினியா?"

"ரெண்டுதான் அத்தை. எப்பவும்போல."

பாத்திமா மேரி கேட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் தோள் இரண்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கியதை வேதநாயகம் பார்த்தான். "சரி. நீ போ. குடை எடுத்துக்கிட்டு வர்றேன். ஒரு போன் போடணும்" என்றார். அவர் குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி, குடை, ஜெபப் புத்தகம், பேக்ஸின் முதல் பக்கம் எல்லாவற்றோடும் வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தார். அந்தக் கூண்டின் கதவு கடை திறந்த நாளிலிருந்து சாத்திக்கொண்டதில்லை. மணப்பாறை எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

"திருக்காட்டுப்பள்ளிலேர்ந்து பாத்திமா மேரி பேசறேங்க. பையனோட அப்பா இருக்காங்களா? ... கூப்பிடுங்க, இருக்கேன்." ரிசீவரைக் காதில் வைத்தபடியே வேதநாயகத்தின் பக்கம் திரும்பினார். "தோட்டத்துல இருக்காராம். வேண்டாம்னு சொல்லிடப்போறேன்."

"எதை அத்தை?"

"கனடாவை. பொண்ணுக்கு இஷ்டமில்ல."

வேதநாயகத்தின் நெஞ்சுக்குள் ஒரு பனைமரம் எழுந்தது. "லின்சி லெட்டர் போட்டுச்சா?"

"லெட்டர் எதுக்கு? நான்தான் போட்டேன். மணப்பாறைக்குச் சம்மதம்னா இந்த வெள்ளிக்கிழமை ஒரு ரிங்கோட நிறுத்திடு, வேண்டாம்னா எப்பவும்போல ரெண்டும் விடுன்னு எழுதியிருந்தேன். நீதானே இப்ப சொன்னே, ரெண்டுன்னு."

வேதநாயகம் போனுக்கு மேலே ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தான். பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தான். காலையிலிருந்து அந்தப் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்று இந்த உலகத்தில் அவனைத் தவிரத் தெரிந்த ஒரே மனிதர். வைரக்கண்ணு காதைக் குடைந்துகொண்டு தெருவைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லப்போவதில்லை.

வேதநாயகம் செய்யவேண்டியதெல்லாம் சும்மா நிற்பது ஒன்றுதான். அது அவனுக்கு நன்றாக வரும். இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். மணப்பாறையில் ஒருவர் தோட்டத்திலிருந்து கை கழுவிவிட்டு வந்துகொண்டிருக்கிறார். வந்து ரிசீவரை எடுப்பார். பியானோ வாசிக்கிறவர் கனடாவிலேயே இருந்துவிடுவார். ஆனால் லின்சி ஒரு ரிங்கோடு நிறுத்த நினைத்திருந்தால்? நைட் டியூட்டி முடிந்து, தூக்கக் கண்ணோடு, ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு வைத்திருந்தால்?

"ஹலோ, யாருங்க?" என்று மணப்பாறை கேட்டது கூண்டுக்கு வெளியே வரை கேட்டது.

வேதநாயகம் கையை நீட்டிப் போனின் கொக்கியை அழுத்தினான்.

"அத்தை, ரிங் வரல."

பாத்திமா மேரி செத்துப்போன ரிசீவரைப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலயா, ரெண்டும் வரலயா?"

"ஒண்ணுமே வரல. லைன்ல நான் இருந்தேன். பத்தேகாலுலேர்ந்து."

"அப்ப ரெண்டுன்னியே."

"பொய் அத்தை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம் தந்தி வாங்கிக் குடுத்திருக்கேன் வேதநாயகம். புள்ள செத்துப்போச்சுன்னு வந்த தந்தியக்கூட ஒரு எழுத்து மாத்தாம எழுதிக் குடுத்துட்டு, உள்ள போயி உக்காந்து அழுதிருக்கேன். நீ வராத தந்திய நீயே எழுதிக் கொண்டாந்து குடுக்குறே."

"தப்புதான்."

"அவ்வளவு நேரம் லைன்ல என்ன பண்ணுனே?"

வேதநாயகம் கம்ப்யூட்டரைக் கை காட்டினான். "வேற கிரகத்துல யாராச்சும் நமக்கு சைகை அனுப்பறாங்களான்னு..."

"அனுப்பறாங்களா?"

"தெரியல அத்தை. இன்னும் பாக்கணும்."

"பாரு, நல்லாப் பாரு." பாத்திமா மேரி ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார். "எனக்கும் எம்பொண்ணுக்கும் பேச்சு ஒரு ரிங்தான். அது தெரியுமா உனக்கு?"

"ரெண்டுதானே அத்தை..."

"ஒண்ணு. ஏர்போர்ட்ல வச்சே சொல்லிட்டா. நல்லா இருக்கேன்னா ஒரு ரிங்கும்மா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான் எங்க பேச்சு."

கடைத்தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அப்ப ரெண்டாவது?" என்றான் வேதநாயகம்.

"அது உனக்குன்னு நீயே சொல்லுவேன்னுதான் மொத மாசம் உன்னக் கேட்டேன். நீ இடிங்குறே, மின்னலுங்குறே. சரி, பையனுக்கு இஷ்டமில்ல போலருக்கு, வெட்கப்பட்டுக்கிட்டு விஞ்ஞானம் பேசுறான்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா அத்தைங்குறே. எனக்கு ஒண்ணும் புரியல. அதான் மணப்பாறைக்காரங்க கேட்டப்ப வேண்டாம்னும் சொல்ல முடியல."

வேதநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தான். வைரக்கண்ணு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஏன் தம்பி" என்றார் அவர் மெதுவாக, "இதப்பத்தி அந்தக் கம்ப்யூட்டரு ஒண்ணுமே சொல்லலியா?"

"நீங்க சும்மா இருங்கண்ணே."

"எந்திரி" என்றார் பாத்திமா மேரி. "இன்னிக்கு அவ ஒண்ணு விட்டாளா, ரெண்டு விட்டாளான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. குவைத்துக்குப் போடு. உன் கணக்குல."

ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஹாஸ்டல் எண் இருந்தது. வேதநாயகம் ஒரு இலக்கத்தை மாற்றி அழுத்தியதில் முதல் தடவை வேறு எங்கோ போனது. ஒரு அரபிக்காரர் எடுத்து ஏதோ கேட்டார். அங்கே உயிர் இருந்தது, அறிவும் இருந்தது, பேச்சுதான் நடக்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு மலையாளத்து அம்மா எடுத்து, லின்சியைக் கூப்பிடப் போனார். பாத்திமா மேரி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்கியா? ... சாப்டியா? ... அழுவாத, ஒண்ணும் ஆவல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். லைனை ஒரு அறிவாளி புடிச்சு வச்சிருந்தான். இந்தா, அவங்கிட்டயே பேசு."

ரிசீவரை அவன் கையில் திணித்துவிட்டு வெளியே வந்து, சாத்தாத அந்தக் கதவைச் சாத்தப் பார்த்தார். அது சாத்திக்கொள்ளவில்லை. அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வைரக்கண்ணுவும் மரியாதைக்காக முதுகைக் காட்டினார். காதைக் காட்டாமல் முதுகை மட்டும் காட்டுவது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"லின்சி?"

லின்சி, என்று அவன் குரலே எங்கோ இடித்துத் திரும்பி வந்தது. அதன் பின்னால் அவள் வந்தாள்.

"ஒம்பது தடவை அடிச்சேன். எங்கேஜ்டு. ரெண்டு வருஷத்துல ஒரு தடவை இப்படி ஆனதில்ல. அம்மாவுக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சு, ஊரெல்லாம் உங்க கடையிலேர்ந்து போன் போடுதுன்னு நெனச்சு... அப்படி யாருகூடப் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"யாருகூடவும் இல்ல. யாராச்சும் பேசறாங்களான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"யாரு?"

"அதை நேர்ல சொல்றேன். கேட்டாச் சிரிப்பே." அவன் வயரை விரலில் சுற்றினான். "லின்சி, ரெண்டாவது ரிங் எனக்குன்னு உங்கம்மா இப்பத்தான் சொன்னாங்க."

அவன் வார்த்தை மேலே செயற்கைக்கோளுக்குப் போய், குவைத்தில் இறங்கியது.

"இப்பத்தானா?"

"ஆமா."

"இன்னிக்கா?"

"கால் மணி நேரம் ஆச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவு தூரம் வருவதற்குள் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறது. "வாரா வாரம் மொத ரிங்கை வச்சுட்டு, ஒரு நிமிஷம் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு ரெண்டாவதைப் போடுவேன். கொஞ்சம் நீளமா விடுவேன். உங்களுக்குப் புரியும்னு. ஒரு தடவையாச்சும் நீங்க எடுத்துடுவீங்கன்னு."

"எடுத்தா உனக்குக் காசு போயிடும்னு..."

"போனாப் போவுது!"

வேதநாயகம் நெற்றியைக் கூண்டின் கண்ணாடியில் வைத்தான். நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. செயற்கைக்கோளின் கோளாறு என்று அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது.

"லின்சி, எனக்கு சைகையில சொன்னாப் புரியாது. அது நிரூபணமாயிடுச்சு. ஒண்ணு, ரெண்டுன்னெல்லாம் வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்குறப்ப ஒண்ணு கேட்டேன். சொல்றேன்னுட்டுப் பஸ் ஏறிட்டே. இப்ப நேராச் சொல்லு. கனடான்னாலும் பரவால்ல. நானே மணப்பாறைக்குப் போன் போட்டுத் தர்றேன்."

பரவால்ல, பரவால்ல என்று அவன் குரல் அவனிடமே திரும்பி வந்து பொய் சொன்னது. வெளியே இரண்டு முதுகுகளும் அசையாமல் நின்றன. ஒரு வார்த்தை போய்த் திரும்ப ஒரு நொடி போதும் என்று அவனுக்குத் தெரியும். இது அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டது.

"கனடாவுக்கு மொத நாளே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றாள் லின்சி. "அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது. வர்றேன். உங்களத்தான் கட்டிக்கிறேன்."